ஆதிச் சபையில் "எல்லாம் பொது" என்றால் என்ன? டிடாக்கே காட்டும் நடைமுறை

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது: "ஆதிக் கிறிஸ்தவர்கள் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 2-ல் படிக்கிறோம். இருபது குடும்பங்கள் உள்ள எங்கள் வீட்டுச் சபையிலும் அப்படிச் செய்யலாமா என்று பேச்சு ஓடுகிறது. சபை எப்படி வாழ வேண்டும் என்று வேதாகமத்துக்கு வெளியே அவர்கள் எழுதிவைத்த ஒழுங்கு ஏதாவது உண்டா? வெளியூர் ஊழியக்காரர்கள் வந்து பணம் கேட்டால் அவர்கள் என்ன செய்தார்கள்?" மூன்று கேள்விபோல் இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கையைத் திறந்து கொடுக்கிற சபை, ஏமாந்து போகாமலும் அதே நேரம் மனம் இறுகிப் போகாமலும் இருப்பது எப்படி? இதற்கு ஆதிச் சபை பதில் எழுதிவைத்திருக்கிறது. அதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுப்பவருக்கு அவர்கள் வைத்த விதிகள் குறைவு. வாங்குகிறவருக்கும் தலைவருக்கும் வைத்த விதிகள்தான் அதிகம், அவைதான் கறார். திருச்சபை வரலாறு கற்பிக்கிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த மூல நூல்களை வைத்து விளக்குகிறேன்.

நீங்கள் தேடுவதற்கு மிக நெருக்கமான நூல் 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை'. டிடாக்கே என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 16 சிறிய அதிகாரங்கள். உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். 4-ம் நூற்றாண்டுவரை இது நன்கு தெரிந்த நூல். 367-ல் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் தமது பாஸ்கா நிருபத்தில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களைப் பட்டியலிட்டபோது, இதை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனாலும் புதிதாகச் சேர்கிறவர்கள் வாசிக்கத் தக்கது என்று குறிப்பிட்டார். பிறகு நூல் கண்ணில் படாமல் போயிற்று. 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில், எருசலேம் பிதாப்பிதாவுக்குச் சொந்தமான மடத்து நூலகத்தில் பிலோத்தேயோஸ் பிரியென்னியோஸ் என்ற கிரேக்க அறிஞர் ஒரு தோல் கையெழுத்துப் பிரதியைக் கண்டார். லெயோன் என்பவர் 1056-ல் எழுதி முடித்த பிரதி அது. அதற்குள் டிடாக்கே முழுமையாக இருந்தது. 1883-ல் அவர் அதை அச்சில் கொண்டுவந்தார். பிரதி இப்போது எருசலேமில் இருக்கிறது.

எது உறுதி, எது சந்தேகம் என்பதை இங்கேயே பிரித்துவிடுவது நல்லது. முழுமையான கிரேக்கப் பிரதி அது ஒன்றுதான். எகிப்தின் ஒக்சிரிங்கஸில் கிடைத்த 4-ம் நூற்றாண்டுத் துண்டுகளும், ஒரு கோப்திய மொழித் துண்டும், சுமார் 380-ல் சிரியாவில் தொகுக்கப்பட்ட, டிடாக்கேயைத் திருத்தி எழுதிய 'அப்போஸ்தலக் கட்டளைகள்' 7-ம் புத்தகமும் நூல் பழையது என்பதை உறுதிப்படுத்துகின்றன. ஆனால் 1056-ம் வருடப் பிரதியின் ஒவ்வொரு வரியும் முதலில் எழுதியபடியேதான் இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எழுதப்பட்ட காலமும் தீராத விவாதம். முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது இன்று பலர் ஏற்கும் கணிப்பு. இன்னும் முந்தியது என்பவர்களும் உண்டு. இடம் சிரியாவாக இருக்கலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. அப்பத்துக்கான ஜெபத்தில் தானியம் "மலைகளின்மேல் சிதறிக் கிடந்தது" என்று வருகிறது. நைல் சமவெளியில் கோதுமை விளைவிக்கிறவர் அப்படி எழுதமாட்டார் என்பது ஒரு வாதம். வாதம்தான், நிரூபணம் அல்ல. பன்னிரண்டு அப்போஸ்தலரே கைப்பட எழுதினார்கள் என்று ஆய்வாளர்கள் யாரும் இன்று சொல்வதில்லை. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: இப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிற நூல் இது. இப்படித்தான் நடந்தது என்பதற்குச் சாட்சியாக இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இனி "எல்லாம் பொது" என்ற விஷயம். எருசலேம் சபையில் நிலத்தையும் வீட்டையும் விற்றுப் பணத்தை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தார்கள் என்று அப்போஸ்தலர் 4 சொல்கிறது. அதை ஒட்டியே வருகிற அனனியா கதையைத்தான் பலர் சரியாகக் கவனிப்பதில்லை. நிலம் விற்பதற்கு முன் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்றுதான் பேதுரு கேட்கிறார். விற்காமல் வைத்திருந்தாலோ, ஒரு பங்கை மட்டும் கொடுக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தாலோ அனனியா மேல் குற்றமில்லை. ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதுதான் அவன் செய்த பிழை. 12-ம் அதிகாரத்தில் மாற்கு என்ற யோவானின் தாய் மரியாளுக்குச் சொந்த வீடு இருக்கிறது, சபை அங்கேதான் கூடுகிறது. ஆக, தேவை வரும்போது விற்றுக் கொடுத்தார்கள், சொத்துரிமையை ஒழித்துவிடவில்லை. அந்த ஏற்பாட்டிலும் சீக்கிரமே சிக்கல் வந்தது. 6-ம் அதிகாரத்தில் அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்று முறுமுறுப்பு எழுகிறது. பங்கீட்டைப் பார்க்கவே ஏழு பேரைத் தனியாகத் தெரிந்தெடுத்தார்கள். மொழியும் உறவும் ஒன்றாக இருக்கிறவர்கள் பங்கிட்டால் மற்றவர்கள் தன்னையறியாமல் விடுபடுவார்கள். உங்கள் சபையில் பொதுநிதி வைத்தால் முதலில் தலைதூக்கும் பிரச்சினையும் அனேகமாக இதுதான்.

டிடாக்கேயின் 4-ம் அதிகாரம் இதே கருத்தைத் தன் பாணியில் சொல்கிறது: தேவையில் இருப்பவனைத் திருப்பி அனுப்பாதே, எல்லாவற்றையும் உன் சகோதரனோடு பகிர்ந்துகொள், எதையும் உன் சொந்தம் என்று சொல்லாதே, அழியாததில் பங்காளிகளாக இருக்கிறீர்கள் என்றால் அழிவதில் எவ்வளவு அதிகமாக இருக்க வேண்டும்! பணத்தை ஒரே பெட்டியில் கொட்டச் சொல்லும் விதி நூலில் எங்கும் இல்லை. முதல் அதிகாரத்தில், கேட்கிற எவனுக்கும் கொடு, திருப்பிக் கேட்காதே என்று சொன்ன கையோடு வாங்குகிறவனைப் பிடித்துக்கொள்கிறது. தேவை இருந்து வாங்கினவன் குற்றமற்றவன். தேவையில்லாமல் வாங்கினவன் ஏன் வாங்கினான், எதற்கு வாங்கினான் என்று கணக்குக் கொடுப்பான். கடைசிக் காசு தீரும்வரை சிறையிலிருந்து வெளியே வரமாட்டான். இதற்குப் பிறகு ஒரு பழைய வாக்கு வருகிறது: யாருக்குக் கொடுக்கிறாய் என்று தெரியும்வரை உன் தர்மக்காசு உன் கைக்குள்ளேயே வியர்க்கட்டும். இது எங்கிருந்து எடுத்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கேட்கிற எவனுக்கும் கொடு என்பதும் இதுவும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியலாம். முரணை யாரும் இழைத்துச் சமன் செய்யாமல் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விட்டிருக்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. பிச்சை போட்டுப் பழகிய எவருக்கும் இரண்டும் தேவை என்று தெரியும்.

நடைமுறைக்கு மிகவும் பயன்படுவது 12-ம் அதிகாரம். கர்த்தரின் நாமத்தில் வருகிற யாரையும் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்பது விதி. இந்த வரிசையைக் கவனியுங்கள்: சோறும் படுக்கையும் முதலில், விசாரணை அப்புறம். வந்தவர் வழிப்போக்கர் என்றால் முடிந்த உதவியைச் செய்யலாம். தங்குவது இரண்டு நாள், அவசியமானால் மூன்று. அங்கேயே குடியிருக்க விரும்பினால், கைத்தொழில் தெரிந்தவர் வேலை செய்து சாப்பிடட்டும். தொழில் தெரியாதவர் என்றால் உங்கள் புத்திக்கு எட்டியபடி ஏற்பாடு செய்யுங்கள். கிறிஸ்தவன் ஒருவனும் உங்களிடத்தில் சும்மா இருந்து பிழைக்கக் கூடாது. அதற்கும் உடன்படாதவன் கிறிஸ்துவின் பெயரை விற்றுப் பிழைக்கிறவன், அவனிடம் எச்சரிக்கையாக இருங்கள். தொழில் தெரியாதவரை அனுப்பிவிடச் சொல்லவில்லை என்பது முக்கியம். அவருக்கு வேலை தேடிக் கொடுப்பது சபையின் பொறுப்பு. வேலை கொடுத்தும் செய்ய மறுப்பதே கோடு. வேலை செய்யாதவன் சாப்பிடவும் கூடாது என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதும் வேலை செய்ய மனதில்லாதவனைப் பற்றித்தான். வேலை கிடைக்காதவனுக்கும் செய்ய முடியாதவனுக்கும் அந்த வசனத்தை எடுத்து வீசுகிறவர்கள் இந்த அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஊர் ஊராகப் போகும் ஊழியக்காரருக்கு 11-ம் அதிகாரம் தனி விதி வைக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய பேர். சாதாரண வழிப்போக்கருக்கு மூன்று நாள் வரை இடமுண்டு. அப்போஸ்தலருக்கு ஒரு நாள், தேவையானால் இரண்டு; மூன்றாவது நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. (இங்கே அப்போஸ்தலர் என்பது பன்னிருவர் அல்ல, அலைந்து திரிந்து பிரசங்கிக்கிறவர்கள்.) கர்த்தரைப்போல் ஏற்றுக்கொள்ளச் சொன்னது யாரையோ, அவர்களுக்கே குறைந்த நாள்! புறப்படும்போது அடுத்த தங்குமிடம்வரை போதுமான அப்பத்தைத் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. இவ்வளவு வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிற வரிகள் ஆதிக் கிறிஸ்தவ இலக்கியத்தில் அதிகம் இல்லை.

தீர்க்கதரிசிகள் விஷயம் இதைவிட நுணுக்கமானது. ஆவியில் பேசுகிறவரைப் பேசும்போதே சோதிக்காதீர்கள், நியாயந்தீர்க்காதீர்கள் என்கிறது நூல்; அது மன்னிக்கப்படாத பாவம் என்று பயமுறுத்தவும் செய்கிறது. அடுத்த மூச்சில், ஆவியில் பேசுகிற எல்லோரும் தீர்க்கதரிசி அல்ல, கர்த்தரின் வழிகளில் நடக்கிறவனே தீர்க்கதரிசி என்கிறது. பேச்சின்மேல் கைவைக்காதே, நடத்தையைப் பார் என்று பொருள். பார்ப்பதற்கு மூன்று அடையாளங்கள் தருகிறது. ஆவியில் பேசிக்கொண்டே பந்தி போடச் சொல்கிறவர் அந்தப் பந்தியில் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் அவர் போலி; அது ஏழைகளுக்கான பந்தி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சத்தியத்தைப் போதித்துவிட்டுத் தான் அதன்படி செய்யாதவர் போலி. "எனக்குப் பணம் கொடுங்கள்" என்று ஆவியில் சொல்கிறவருக்குச் செவிகொடுக்கக் கூடாது. ஆனால் இல்லாத மற்றவர்களுக்காகக் கொடுக்கச் சொன்னால் யாரும் அவரை நியாயந்தீர்க்க வேண்டாம். இதே அதிகாரத்தில் தீர்க்கதரிசி "சபையின் மறைபொருளை உலகில் நடத்திக் காட்டுவது" பற்றி ஒரு வரி இருக்கிறது. திருமணம் செய்யாமல் வாழ்வதைச் சொல்கிறது என்பார்கள், பழைய தீர்க்கதரிசிகள்போல் அடையாளச் செயல்கள் செய்வதைச் சொல்கிறது என்பார்கள். எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. அந்த வரியை வைத்து உபதேசம் கட்டுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இவ்வளவு கறாரான விதி வெறும் கற்பனைப் பயத்தில் வந்ததல்ல என்பதற்கு வெளியாள் ஒருவரின் சாட்சி இருக்கிறது. லூசியான் என்ற கேலி எழுத்தாளர், சிரியாவின் சமோசாத்தாவைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர் அல்ல. பெரெகிரினுஸ் என்பவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். 165-ல் ஒலிம்பிக் விழாவில் தீக்குளித்து இறந்த அந்த மனிதர் அதற்கு முன் பாலஸ்தீனாவில் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து அவர்களுக்குத் தலைவராகவே உயர்ந்தாராம். சிறைக்குப் போனபோது விடியற்காலையிலேயே விதவைகளும் அனாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் காத்துக் கிடந்தார்கள், சாப்பாடு வந்தது, ஆசியாவின் ஊர்களிலிருந்துகூடப் பொதுப்பணத்தில் ஆட்கள் வந்தார்கள், அவர் கையில் நல்ல காசு சேர்ந்தது என்கிறார் லூசியான். சாமர்த்தியமான எந்த ஏமாற்றுக்காரனும் இந்த அப்பாவிகளிடம் சீக்கிரம் பணக்காரனாகலாம் என்பது அவருடைய நக்கல். நையாண்டி எழுத்து என்பதால் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் டிடாக்கே எந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது என்பது இதில் நன்றாகவே தெரிகிறது.

அப்படியென்றால் ஊழியக்காரருக்கு ஒன்றும் கொடுக்கவே கூடாதா? 13-ம் அதிகாரம் நேர்மாறாகச் சொல்கிறது. உங்களிடத்தில் நிலையாகத் தங்க விரும்பும் உண்மையான தீர்க்கதரிசியும் போதகரும் தங்கள் ஆகாரத்துக்குப் பாத்திரர்கள். திராட்ச ஆலையின் ரசம், களத்துத் தானியம், மாடு, ஆடு இவற்றின் முதற்பலன் அவர்களுக்கு. மாவு பிசைந்தால் அதன் முதற்பங்கு, திராட்சரசம் அல்லது எண்ணெய்ச் சாடியைத் திறந்தால் அதன் முதற்பங்கு. பணம், துணி, மற்ற உடைமை எல்லாவற்றிலும் உங்களுக்கு நலமென்று தோன்றுகிற அளவு. தீர்க்கதரிசி இல்லையென்றால் ஏழைகளுக்குக் கொடுங்கள். கேட்டு வாங்கினால் போலி, கேட்காமல் கொடுப்பது கடமை: யார் முதலில் வாய் திறக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். தசமபாகம் என்ற பேச்சே இந்த அதிகாரத்தில் இல்லை. விகிதம் எதுவும் சொல்லப்படவில்லை. சுமார் 380-ல் 'அப்போஸ்தலக் கட்டளைகள்' இதைத் திருத்தி எழுதியபோது தீர்க்கதரிசிகள் இருந்த இடத்தில் ஆசாரியர்கள் வந்தார்கள். பத்தில் ஒரு பங்கும் புதிதாக நுழைந்தது, அதுவும் அனாதை, விதவை, ஏழை, அந்நியர் ஆகியோருக்கு என்று. ஒரே விதி இருநூறு, முந்நூறு வருடத்தில் எப்படிக் கைமாறியது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் தெளிவாகத் தெரியும்.

பொதுநிதி எப்படி ஓடியது என்பதற்கு வேறு இரண்டு சாட்சிகள் உண்டு. ரோமில் சுமார் 155-ல் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறார்: ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம், நேரம் இருக்கும்வரை அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளையோ வாசிக்கிறோம், தலைமை வகிப்பவர் புத்தி சொல்கிறார், எழுந்து நின்று ஜெபிக்கிறோம், அப்பமும் ரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன, வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் எடுத்துப்போகிறார்கள். வசதி உள்ளவர்கள் தாங்கள் விரும்பியபடி கொடுக்கிறார்கள். அது தலைவரிடம் வைக்கப்பட்டு அனாதை, விதவை, நோயாளி, கைதி, அந்நியருக்குப் போகிறது. 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற இன்னொரு கிறிஸ்தவ எழுத்தாளர் சொல்வது: மாதம் ஒரு முறை, அல்லது விரும்பும்போது, முடிந்தால் மட்டும் ஒரு சிறு காசு, கட்டாயம் இல்லை, அந்தப் பணம் விருந்துக்கும் குடிக்கும் போவதில்லை. ஏழைகளைப் போஷிக்கவும் அடக்கம் செய்யவும், பெற்றோரும் பொருளும் இல்லாத பிள்ளைகளுக்கும், வீட்டோடு முடங்கிய முதியவர்களுக்கும், கப்பல் உடைந்தவர்களுக்கும், விசுவாசத்துக்காகச் சுரங்கத்திலோ தீவிலோ சிறையிலோ கிடப்பவர்களுக்கும் போகிறது. எதிரிகளுக்கு முன் தங்கள் தரப்பை வாதாடுகிற எழுத்துகள் இவை, ஆகவே நல்ல பக்கமே மேலே தெரியும். ஆனால் 251-ல் ரோம் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய நிருபம் ஒன்றைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் தந்திருக்கிறார். அதில் 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள் என்று போகும் பட்டியலில், சபை தாங்கும் விதவைகளும் துன்பப்படுவோரும் 1500-க்கு மேல் என்று வருகிறது. இது சபை உள்விவகாரத் தகராறில் எழுந்த கடிதம் என்பதால் எண்ணிக்கையை நம்பலாம் என்றே நினைக்கிறேன். கணக்கு விஷயத்தில் பவுலின் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம்மிடமே எடுத்துவைக்க வேண்டும், எருசலேமுக்குக் கொண்டுபோக சபையே ஆட்களைத் தெரிந்தெடுக்க வேண்டும், தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்பியதற்கு, இந்தப் பெருந்தொகை விஷயத்தில் யாரும் எங்களைக் குறைசொல்லாதபடிக்கு என்று காரணமும் சொல்கிறார். ஒருவர் கையில் மட்டும் பெட்டி இருப்பதை அவரே தவிர்த்திருக்கிறார்.

கையில் பணமே இல்லாதவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்பதற்கு உபவாசம்தான் பதில். டிடாக்கே 8-ம் அதிகாரம் திங்கள், வியாழன் வேண்டாம், புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்கிறது. திங்களும் வியாழனும் பக்தியுள்ள யூதர்கள் உபவாசித்த நாட்கள், தனித்துத் தெரிய வேண்டும் என்ற போட்டி இதில் இருக்கிறது. 2-ம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட 'ஹெர்மாவின் மேய்ப்பன்' நேரடியாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது: உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், அன்று சாப்பிட்டிருக்கக்கூடிய உணவுக்கு என்ன செலவாகியிருக்கும் என்று பார்த்து, அந்தத் தொகையை விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவனுக்கோ கொடு. ஒரு வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று கணக்கிட்டு, வாரம் இரண்டு நாள் அதை எடுத்துவைத்தால், இருபது வீட்டில் கணிசமான தொகை சேர்ந்துவிடும். சொத்தை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதில் தொடங்கலாம்.

ஞானஸ்நானத்துக்கும் பந்திக்கும் வருகிறேன். 7-ம் அதிகாரம் ஓடும் தண்ணீர் என்று தொடங்கி படிப்படியாக விட்டுக்கொடுக்கிறது: ஓடும் தண்ணீர் இல்லையா, வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாதா, வெந்நீர், இரண்டும் இல்லையா, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் மூன்று முறை ஊற்று. பெறுகிறவர் ஒன்றிரண்டு நாள் முன்பே உபவாசிக்க வேண்டும். கொடுப்பவரும், முடிந்த மற்றவர்களும்கூட. முழுக்கா தெளிப்பா என்று இன்று சண்டை போடுகிறவர்கள் இரு தரப்பும் இந்த அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பார்கள். இரு தரப்பையும் இது முழுதாகத் திருப்திப்படுத்தாது. பந்தி ஜெபங்களில் பாத்திரம் முதலில், அப்பம் பிறகு. மலைகளின்மேல் சிதறியிருந்து சேர்க்கப்பட்டு ஒன்றான இந்த அப்பத்தைப்போல உம்முடைய சபையும் பூமியின் எல்லைகளிலிருந்து சேர்க்கப்படட்டும் என்ற வேண்டுதல் இங்கேதான். "இது என் சரீரம்" என்ற வார்த்தைகள் இங்கே வரவில்லை. அதனால் இது திருவிருந்தா, அன்பின் விருந்தா, இரண்டும் சேர்ந்ததா என்பது இன்றும் முடியாத விவாதம். வயிறு நிறைந்த பிறகு ஜெபிக்கச் சொல்வதால் உண்மையான சாப்பாடு இருந்தது என்பது மட்டும் தெளிவு. அந்தச் சாப்பாடு கெட்டுப்போகும் விதத்தைக் கொரிந்து சபை காட்டுகிறது: சிலர் முந்திக்கொண்டு கொண்டுவந்ததைத் தின்று தீர்த்தார்கள், மற்றவர்கள் பசியோடு இருந்தார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே பவுல் கொடுத்த மருந்து.

சண்டைக்கு டிடாக்கே ஒதுக்கும் இடம் பெரியது. கர்த்தருடைய நாளில் கூடி அப்பம் பிட்கும் முன் குற்றங்களை அறிக்கையிட வேண்டும்; அயலானோடு பிணக்கு உள்ளவன் ஒப்புரவாகும்வரை உங்களோடு சேரக் கூடாது. புத்தி சொல்வது கோபத்தில் அல்ல, சமாதானத்தில்; பிறனுக்குத் தீங்கு செய்தவனோடு அவன் மனந்திரும்பும்வரை யாரும் பேச வேண்டாம். இந்தக் கடைசி விதியைத் தனியாகப் பிடுங்கிப் பயன்படுத்தினால் குடும்பங்கள் உடையும். எது தீங்கு, யார் தீர்மானிப்பது என்று டிடாக்கே சொல்லவே இல்லை. அந்தக் குறையை 3-ம் நூற்றாண்டில் அதே சிரியாவில் எழுந்த 'டிடாஸ்காலியா' என்ற சபை ஒழுங்கு நூல் தீர்த்துவைக்கப் பார்க்கிறது. கிரேக்க மூலம் பெரும்பாலும் அழிந்தாலும் சிரியாக் மொழிபெயர்ப்பு முழுமையாக இருக்கிறது. வழக்குகளைத் திங்கட்கிழமை விசாரியுங்கள், தீர்ப்பை ஒருவர் எதிர்த்தாலும் சனிக்கிழமைவரை நேரம் இருக்கும், ஞாயிறன்று சமாதானமாகக் கூடலாம் என்கிறது. இரு தரப்பும் ஒன்றாக எதிரே நிற்க வேண்டும், மூப்பர்களும் உதவிக்காரர்களும் உடனிருக்க வேண்டும், ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்க்கக் கூடாது. ஞாயிறு ஆராதனை முடிந்த சூட்டில் வாசலிலேயே பஞ்சாயத்து வைக்கும் பழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்.

தலைவர்கள் பற்றி 15-ம் அதிகாரம் சுருக்கம்: கண்காணிகளையும் (ஆயர்கள்) உதவிக்காரரையும் நீங்களே தெரிந்தெடுங்கள், சாந்தமானவர்கள், பண ஆசை இல்லாதவர்கள், உண்மையானவர்கள், சோதிக்கப்பட்டவர்கள். வெளியூரிலிருந்து வரும் வரம் பெற்றவர்களுக்குக் கிடைக்கிற மரியாதை உள்ளூரில் வேலை பார்க்கும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது; இவர்களை அற்பமாக எண்ணாதீர்கள் என்று நூல் கெஞ்சுகிறது. ஆயருக்கு டிடாஸ்காலியா வைக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஊர்ப் பெரிய மனிதர் தாமதமாக உள்ளே வந்தால் ஆயர் பிரசங்கத்தை நிறுத்த வேண்டாம், உபசரிக்க எழ வேண்டாம். வயதான ஏழை வந்து இடமில்லாமல் நின்றால், தாம் தரையில் உட்கார நேர்ந்தாலும் முழுமனதோடு அவருக்கு இடம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அப்படியே பின்பற்ற முடியாத பகுதிகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிமையிடம் கசப்போடு கட்டளையிடாதே என்று எஜமானுக்குச் சொல்கிற அதே 4-ம் அதிகாரம், எஜமானைத் தேவனுக்கு ஒப்பாக எண்ணிக் கீழ்ப்படி என்று அடிமைக்குச் சொல்கிறது. தங்களைப் பொதுநிதிப் பணத்தில் விடுவிக்கும்படி அடிமைகள் ஆசைப்பட வேண்டாம் என்று அந்தியோக்கியா ஆயர் இக்னாத்தியுஸ், சிமிர்னா ஆயர் பொலிகார்ப்புக்கு எழுதுகிறார். சில சபைகள் விடுவித்தன என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம், அவர் அதைத் தடுத்தார் என்பதும் உண்மை. யூதர்களை "மாயக்காரர்" என்று அழைக்கும் தொனியும் இன்று நமக்கு வேண்டாதது. அளவையும் பாருங்கள். சிரியாவின் துரா-யூரோபோஸில் அகழ்ந்தெடுத்த 3-ம் நூற்றாண்டு வீட்டுச் சபையில் இரண்டு அறைகளுக்கு இடையிலிருந்த சுவரை இடித்துக் கட்டிய கூடத்தில் சுமார் 70 பேர்தான் அடங்குவார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிற அந்த அளவுக்குத்தான் யார் தேவையில் இருக்கிறார், யார் சும்மா இருக்கிறார் என்ற விதிகள் வேலை செய்யும். இருபது குடும்பம் என்றால் நீங்களும் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கிறீர்கள்.

குழுவாகப் படிக்கப் போகிறீர்கள் என்றால் 1-ம் அதிகாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் ஆறு அதிகாரங்களில் உள்ள ஜீவ வழி, மரண வழிப் பட்டியல் நீளமானது, ஆர்வம் வடிந்துவிடும். 11 முதல் 15 வரை ஒரே மூச்சில் படியுங்கள், பிறகு 4-ம் அதிகாரம், பிறகு மற்றவை. 6-ம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை மட்டும் பணம் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன் சத்தமாக வாசியுங்கள்: கர்த்தரின் நுகம் முழுவதையும் சுமக்க முடிந்தால் பூரணனாவாய், முடியாவிட்டால் முடிந்ததைச் செய்.